ஜோடி கட்டிய வாக்கு

ஹோலிரூட் நாடாளுமன்றத்தின் பாதுகாப்பு அதிகாரி டூகல்ட் ரென்விக்கின் அறைக்கு யாரும் சும்மா வருவதில்லை. தொலைந்த குடை, தொலைந்த பை, சில சமயம் தொலைந்த மானம் என்று எதையாவது தேடிக்கொண்டுதான் வருவார்கள். அந்த ஜனவரி மதியம் விவாதத்தின் நடுவே எழுந்து வந்த ஷோனக் மக்ஃபெய்ல் எதைத் தேடி வந்தார் என்பது, ரென்விக்கின் உதவியாளர் எஃபி லாம்புக்கு முதலில் விளங்கவில்லை. ஸ்கார்வே தீவின் உறுப்பினர் அவர், எதிர்க்கட்சிக்காரர். அவையில் அவர் பேச எழுந்தால் அமைச்சர்களே காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு அன்று குரலே எழும்பவில்லை.

"ரென்விக் சார், ஒரு குரல் நெசமா பொய்யான்னு உங்களால சொல்ல முடியுமா? அஞ்சு மணிக்குள்ள தெரியணும்."

"முதல்ல உக்காருங்க. எஃபி, அம்மாவுக்கு ஒரு டீ."

எஃபிக்கு டீயைவிடக் கதைதான் முக்கியம். கெட்டிலின் பொத்தானைத் தட்டிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

ஸ்கார்வே தீவின் பிரசவப் பிரிவை மூடச் சொல்லி அரசு ஆணை போட்டு, போன மாதமே மூடியும் ஆயிற்று. இனி அந்தத் தீவுப் பெண்கள் வலி எடுத்தால் ஹெலிகாப்டருக்குக் காத்திருந்து கடல் தாண்டிப் போக வேண்டும். காற்று வீசினால் அதுவும் கிடையாது. அந்த ஆணையை ரத்து செய்யும் தீர்மானம் அன்றைக்கு விவாதத்தில் இருந்தது. பகல் முழுக்க என்னதான் பேசினாலும் இந்த அவையில் வாக்கெடுப்பு மாலை ஐந்து மணிக்குத்தான், எல்லாத் தீர்மானங்களுக்கும் சேர்த்து. இரு பக்கமும் தலைகளை எண்ணிப் பார்த்தாயிற்று. சரிசமம். சமமாக வந்தால் அவைத்தலைவர் இருப்பதை மாற்ற மாட்டார், ஆணை அப்படியே நிற்கும். ஷோனக்கின் ஒரு வாக்கு விழுந்தால் ஆணை போகும்.

ஆனால் ஷோனக்கால் வாக்களிக்க முடியாது. ஆளுங்கட்சியின் மூத்த உறுப்பினர் வாட்டி கில்கிறைஸ்ட் தொண்டையில் அறுவை சிகிச்சைக்குப் போனபோது, அவருக்கு ஜோடியாக நின்றவர் ஷோனக். ஒரு பக்கத்து ஆள் நோயில் படுத்தால், எதிர்ப் பக்கத்து ஆள் ஒருவர் தன் வாக்கையும் மடித்து வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது கிடையாது. கையெழுத்தும் கிடையாது, வாய்ச்சொல்தான். அந்தச் சொல்லை மீறியவருக்கு அதற்கப்புறம் அந்தக் கட்டடத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஷோனக் அந்தச் சொல்லைக் கொடுத்தபோது, தீர்மானம் இதற்குள் வரும் என்று யாருக்குத் தெரியும்?

"காலைலேருந்து எங்க கட்சில எல்லாரும் கெஞ்சிட்டாங்க. சொன்னது சொன்னதுதான்னுட்டேன். சாப்பாட்டு நேரத்துல என் ரூம்ல போன் அடிச்சுது. ஒரே கரகரப்பு, பாதி காத்துதான் வருது. 'ஷோனக், வாட்டி பேசறேன். உன்ன விடுவிச்சுட்டேன். ஓட்டுப் போடு'ன்னார். நான் வாயத் தெறக்கறதுக்குள்ள வெச்சுட்டார்."

"பொறி மேடம், பொறி!" எஃபியால் அடக்க முடியவில்லை. "ஆளுங்கட்சிக் கொறடா டரோக் பண்ற வேலை. நீங்க ஓட்டுப் போட்டதும் அவர் எந்திரிச்சு, வாக்குத் தவறினவங்கன்னு ஊருக்கே சொல்லுவார்."

"இல்லன்னா எங்க ஆளுங்களே யாராச்சும் குரல் மாத்திப் பேசியிருக்கலாம்," என்றார் ஷோனக். "அப்படி இருந்தாலும் என் பேரு போச்சு. நெசமா இருந்து நான் போடலன்னா, என் தீவுப் பொண்ணுங்க கதி போச்சு."

ரென்விக் அசையவில்லை. "மணி எப்படி அடிச்சுதும்மா? ரெட்டையாவா, ஒத்தையாவா?"

ஷோனக் யோசித்தார். "ஒத்தை ஒத்தையா." சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது. வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு மணி இரட்டையாக அடிக்கும், கட்டடத்துக்குள்ளிருந்து என்றால் ஒற்றையாக. அது அங்கே வேலை செய்கிற அத்தனை பேருக்கும் தெரியும்.

எஃபி அதற்குள் மருத்துவமனைக்கே போன் போட்டுவிட்டாள். நர்ஸ் ஒரு நிமிஷம் இருக்கச் சொல்லிவிட்டுப் போனார். எங்கேயோ கதவுகள் திறந்து மூடின, யாரோ ஓடினார்கள். வெகுநேரம் கழித்து வந்து, மூச்சு வாங்க, "திரு. கில்கிறைஸ்ட் யார்கிட்டயும் பேசற நிலமைல இல்ல," என்று சொல்லி வைத்துவிட்டார்.

"பாத்தீங்களா? பேசவே முடியாதாம்," என்றாள் எஃபி வெற்றியோடு. ரென்விக் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார், அவ்வளவுதான்.

அழைப்பு மூன்றாம் மாடியில் ஒரு சிறிய குழு அறையிலிருந்து வந்தது என்று தொலைபேசிப் பிரிவில் சொன்னார்கள். ரென்விக்கும் எஃபியும் படியேறியபோது எதிரே வந்தார் கொறடா டரோக். நெடுநெடுவென்று உயரம்; எதிராளியைத் தராசில் வைத்துப் பார்க்கும் கண்.

"என்ன ரென்விக், மோப்பம் பலமா இருக்கு? யார் வீட்டுப் பூனை காணோம்?"

"ஒண்ணுமில்ல சார். கில்கிறைஸ்ட் எப்படி இருக்கார்?"

"நேத்துத்தான் பாத்துட்டு வந்தேன். ஐஸ்கிரீம் தவிர ஒண்ணும் தொண்டைல எறங்கலயாம். நான் உள்ள நொழஞ்சதும் செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டான், கெழட்டுப் பய. நாப்பது வருஷச் சிநேகிதம். என்ன கோவமோ." டரோக்கின் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. எஃபிக்கு அது பிடிக்கவில்லை. நடிக்கிறார் என்று முடிவுகட்டினாள்.

விவாத நாள் மதியங்களில் குழு அறைகளுக்கு யாரும் போவதில்லை. ஆனால் அந்த அறையில் ஒரு நாற்காலி சுவரிலிருந்த திரைக்கு நேராக இழுத்துப் போடப்பட்டிருந்தது. திரையில் அவை ஓடிக்கொண்டிருந்தது. போன் பக்கத்தில் கேன்டீன் ஐஸ்கிரீம் கிண்ணம், பாதி உருகி. வெளியே பனி சேறாகிக் கிடக்கிற நாள் அது. தரைவிரிப்பில் ஈரத் தடங்கள் இருந்தன. குதிகால் அழுத்தமே இல்லாமல், தட்டையாக, இழுத்து இழுத்து நடந்த தடங்கள்.

"ரப்பர் செருப்பு," என்றாள் எஃபி. "டரோக் ஆபீஸ்ல இருக்கற எளவட்டம் எவனாச்சும்தான். அவரேதான் ஐஸ்கிரீம்னாரே, அதான் வாயில வந்துடுச்சு. குற்றம் செஞ்சவன் நாக்கு சும்மா இருக்காதுங்க."

"எஃபி, நீ வேகமா ஓடற. ஆனா எதிர்த் திசைல."

அறைக்குத் திரும்பியபோது ஷோனக் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். ரென்விக் அவர் எதிரே நின்றார்.

"அம்மா, உங்கள ஏமாத்தணும்னு ஒருத்தன் நெனச்சான்னு வெச்சுக்குவோம். ஆஸ்பத்திரிலேருந்து பேசற மாதிரி நடிக்கணும். இந்தக் கட்டடத்துல ஒத்தை மணி என்னன்னு தெரியாத ஆளு உண்டா? அவன் தெருவுக்குப் போய்க் கைபேசில பேசியிருப்பான். எதையும் மறைக்க அவசியமில்லாத ஆளுதான் பக்கத்துல இருக்கற போன எடுப்பான்."

எஃபி ஜன்னல் வழியே தெருவை எட்டிப் பார்த்தாள்.

"நடிக்க வந்தவன் பேசிட்டு ஓடிருவான். இந்த ஆளு நாற்காலியப் போட்டு உக்காந்து அவையப் பாத்திருக்கார். இந்தக் குளிர்ல ஐஸ்கிரீம் சாப்பிட்டிருக்கார். கால இழுத்து நடந்திருக்கார், குதிகால் இல்லாத செருப்பு. ஆஸ்பத்திரில குடுக்கற செருப்பு அது. எஃபி, பேசற நிலமைல இல்லன்னு நர்ஸ் சொன்னாங்க. கட்டில்ல இருக்கார்னு சொன்னாங்களா?"

"இல்ல," என்றாள் எஃபி மெதுவாக. "அத்தன நேரம் ஓடினாங்களே... தேடிட்டிருந்தாங்களா?"

"கில்கிறைஸ்ட் இந்தக் கட்டடத்துக்குள்ளதான் இருக்கார். உறுப்பினர் நொழையறத வாசல்ல யாரும் எழுதி வெக்கறதில்ல. ஒளிஞ்சிருக்கார், ஏன்னா டரோக் கண்ணுல பட்டா ஓட்டு அட்டையக் கைல திணிச்சு, தீர்மானத்த எதிர்த்து ஓட்டுப் போட வெச்சிருவார். உங்களக் கூப்பிட்டது அவரேதான்."

ஷோனக் ஆறிப்போன டீயைத் தள்ளி வைத்தார். "அவர் வந்து சொல்லுவாரா?"

"அது அவர் இஷ்டம். ஒளிஞ்சிருக்கறவரப் புடிச்சு இழுத்துட்டு வர்றது என் வேலையில்ல, நான் எந்தக் கட்சிக்கும் ஆளில்ல. குரல் நெசம். அதுக்கு மேல என்கிட்ட சாட்சி இல்ல."

வாக்கெடுப்பு மணி ஒலித்தது. அந்த மணிக்குக் கட்டடம் முழுக்க நாற்காலிகள் பின்னால் நகரும், படிகளில் கால்கள் இறங்கும். எஃபி ஆயிரம் தடவை கேட்ட மணிதான். அன்றைக்கு அவள் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள்.

பார்வையாளர் மாடத்தில் ரென்விக்கின் பக்கத்தில் நின்று கீழே பார்த்தாள். பிறை வடிவில் உறுப்பினர்கள் நிறைந்திருந்தார்கள், ஒவ்வொருவர் மேசையிலும் வாக்கு அட்டை. அவைத்தலைவர் தீர்மானத்தைப் படிக்குமுன் ஷோனக் எழுந்தார்.

"தலைவர் அவர்களே, நான் கில்கிறைஸ்ட்டுக்கு ஜோடி. என்ன விடுவிச்சுட்டதா அவரே எனக்குப் போன்ல சொன்னார். நான் அத நம்பறேன். அதனால இப்ப ஓட்டுப் போடப் போறேன். மறைச்சுப் போட எனக்கு மனசில்ல, அதான் சொல்லிட்டேன்."

அவை கொதித்தது. டரோக் எழுந்தார். "பேசவே முடியாம கெடக்கற மனுஷன் போன்ல சொன்னாராம்! ஆதாரம் எங்கம்மா? இத்தன வருஷமா இந்த அவைல யாரும் ஜோடிய மீறினதில்ல. நீங்க மொத ஆளா இருக்கப் போறீங்களா?"

ஷோனக் தன் வாக்கு அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் உட்காரவில்லை. 'ஐயோ, வாங்களேன் மனுஷா,' என்று எஃபி மனசுக்குள் கெஞ்சினாள்.

பின்பக்கக் கதவு திறந்தது. மருத்துவமனை அங்கியின் மேல் கம்பளி கோட்டு, கழுத்தில் கட்டு, காலில் நனைந்த மெல்லிய செருப்பு. வாட்டி கில்கிறைஸ்ட் ஒவ்வொரு மேசையாகப் பிடித்துக்கொண்டு தன் இருக்கைக்கு நடந்தார். அவைத்தலைவர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

"நான்தான் விடுவிச்சேன்." ஒலிவாங்கியில் அந்தக் குரல் உமியைத் தேய்ப்பதுபோல் வந்தது. "நான் படுத்திருக்கற ஆஸ்பத்திரிக்கு ஒரு ராத்திரி ஸ்கார்வேலேருந்து ஒரு பொண்ணக் கொண்டாந்தாங்க. ஹெலிகாப்டர் நேரத்துக்கு வரல. அந்தப் புருஷன் விடியற வரைக்கும் என் ரூம் வாசல்ல உக்காந்து அழுதான். புள்ளைக்குப் பேரு வெச்சுட்டுத்தான் பொதச்சாங்களாம்." அவர் மேசையைப் பற்றிக்கொண்டார். "நான் கட்சிக்கு எதிரா ஓட்டுப் போட்டவன் இல்ல, போடவும் மாட்டேன். ஆனா இவங்க வாய என் பேரச் சொல்லிக் கட்ட வேண்டாம்."

தீர்மானம் படிக்கப்பட்டது. வாக்களிக்கும் நேரம் தொடங்கியது. டரோக் குனிந்து, "வாட்டி, அட்டையப் போடுப்பா. நீ போட்டாச் சமம்," என்று கெஞ்சுவது மேலே மாடம் வரை கேட்டது. கில்கிறைஸ்ட்டின் அட்டை அவர் கையில்தான் இருந்தது. அவர் அதை மேசைமேல் கவிழ்த்து வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டார். நேரம் முடியும்வரை அவர் எடுக்கவில்லை.

"ஆதரவு அறுபத்து நான்கு. எதிர்ப்பு அறுபத்து மூன்று. தீர்மானம் நிறைவேறியது."

கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை. ஷோனக் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். எஃபி அந்தக் கட்டடத்தில் சண்டை பார்த்திருக்கிறாள், சிரிப்பு பார்த்திருக்கிறாள். நூற்றுக்கு மேற்பட்ட அரசியல்வாதிகள் ஒரு நோயாளிக் கிழவர் முன்னால் பள்ளிப் பிள்ளைகளாய் வாயடைத்து உட்கார்ந்திருப்பதை அன்றுதான் பார்த்தாள்.

"ஆம்புலன்ஸ் கீழே நிக்குது, நானே சொல்லிட்டேன்," என்றார் ரென்விக்.

கீழே டரோக் தன் கோட்டைக் கழற்றிக் கில்கிறைஸ்ட்டின் தோளில் போர்த்திக்கொண்டிருந்தார். "எந்திரிடா, போலாம். செத்துத் தொலச்சுடாத."

"இருடா," என்றார் கிழவர். "இன்னொரு ஓட்டு இருக்கில்ல."

அவைத்தலைவர் அடுத்ததாக ஆற்று மீன்பிடிப்புத் தீர்மானத்தைப் படித்தார். வாட்டி கில்கிறைஸ்ட் கவிழ்த்திருந்த அட்டையை எடுத்து, துளையில் செருகி, தன் கட்சிக்கு வாக்களித்தார்.