ஒரே ரூமில் இரண்டு போன்

காலை பத்து மணி ஆன்லைன் வகுப்பில் முப்பத்தொரு பெயர்கள் இருந்தன. முப்பதுதான் இருக்க வேண்டும்.

ஜுனைத் தன் போனில் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனான். கடைசியில் நஸ்னீன். அவள் போனை நேற்றே அணைத்து, நிக்காஹ் புடவைக்கு அடியில் வைத்து, பீரோவைப் பூட்டியிருந்தான்.

ஏனாத்தூர் கல்லூரியில் இருவருக்கும் ஒரே எம்.சி.ஏ. வகுப்பு. கல்யாணமாகி ஏழு மாதம். கொரோனா வந்து ஆம்புலன்ஸில் ஏறும்போது அவள் தன் போனை அவன் கையில் கொடுத்தாள். “அட்டென்டன்ஸ் போயிடப் போகுதுபா. நீ போட்டுக்கினே இரு.” போட்டான். பெயர் கூப்பிட்டதும் அவள் போனில் ‘பிரசென்ட் மேம்’ என்று தட்டுவான். கனத்த வெள்ளை பிளாஸ்டிக்கில் சுற்றி அவளைக் கொடுத்தார்கள், முகத்தைக் காட்டவில்லை. அடக்கம் முடிந்த மறுநாளும் தட்டினான். ஒன்பது நாள். கல்லூரியில் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பட்டியலில் மட்டுமாவது அவள் இருந்தாள். இன்று சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தான்.

ஜன்னலில் வெயில். பக்கத்து வீட்டுத் தறி நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. சாயம் காயும் புளித்த வாடை திரைச்சீலையைத் தாண்டி வந்து, அவள் தலையணையில் இன்னும் போகாத மருந்து வாடையோடு கலந்தது.

“நஸ்னீன்?” என்று காயத்ரி மேடம் கூப்பிட்டார்.

‘பிரசென்ட் மேம்’ என்று சாட்டில் வந்து விழுந்தது.

அவள் மைக் திறந்தது. ஜன்னல் வழியாகத் தறியின் ஒரு ‘தட்’. அரை நொடி கழித்து, போன் வழியாக அதே ‘தட்’. பிறகு காதைக் கிழிக்கும் இரைச்சல்.

“ஜுனைத், ரெண்டு பேரும் ஒரே ரூம்லயா இருக்கீங்க? எக்கோ அடிக்குதுபா. ஒருத்தர் வெளிய போங்க.”

“புது ஜோடி மேம், பிரிக்காதீங்க,” என்றாள் வகுப்புத் தோழி திரிஷா. யாரோ சிரித்தார்கள்.

“மேம், நஸ்னீன் வந்து…” அவன் குரல் அவள் மைக் வழியாக அவனிடமே திரும்பி வந்தது. மிக அருகிலிருந்து பிடித்த குரல்.

எழுந்து சமையலறைக்குப் போனான். இரைச்சல் குறையவில்லை. பின்கட்டு. குறையவில்லை. மாடிப்படி ஏறினான். தறிச் சத்தம் தூரமானது. போனிலும் தூரமானது.

இப்போது மூச்சு. பிளாஸ்டிக் உள்ளே ஒட்டி, வெளியே உப்பும் மூச்சு.

“நஸ்னீன், வீடியோ போடுமா. உன் முகத்தப் பாத்து எவ்ளோ நாளாச்சு,” என்றார் மேடம்.

அவள் கட்டம் வெளுத்தது. ஈரம் பூத்த வெள்ளை. மூச்சு வெளியேறும்போது மங்கியது. இழுக்கும்போது தெளிந்தது. தெளிந்தபோது, அந்த வெள்ளைக்கு அப்பால், ஒரு மாடிப்படி. படியில் ஒருவன் முதுகு. கையில் போன்.

திரும்பவில்லை. முடியவில்லை.

“ஜுனைத்? லைன்ல இருக்கீங்களா?”



‘பிரசென்ட் மேம்’ என்று அவன் பெயரில் வந்து விழுந்தது.

அவன் விரல் அசையவே இல்லை. அவள் கட்டம் மங்கியது. தெளிந்தது. இப்போது முதுகு தெரியவில்லை. பிடரி மயிர் மட்டும்.