கூப்பிடுவதற்கு முன்பே

"இந்தக் கோட்டைக்குள்ள நீங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே எதிரொலி வந்துடும்" என்றான் வழிகாட்டி கலஃப், அம்மான் நகரத்திலிருந்து வந்த பயணிகளிடம். அஸ்ரக் ஊரைத் தாண்டிய பாலைவனத்தில் அவன் இதுவரை விட்ட புளுகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அந்தக் கருங்கல் கோட்டையே அதன் நிழலில் ஒதுங்கும். எல்லோரும் சிரித்தார்கள், பஸ் ஓட்டுநர் அபூ ஸைத்தைத் தவிர.

"போய் ஒட்டகத்துக்கிட்ட சொல்லு. அதுகூட நம்பாது."

"பஸ்ஸை விட்டே இறங்காத ஆளு பேசறாரு. ஒரு தடவை உள்ள போய்ட்டு வாங்க அபூ ஸைத். எதிரொலி முன்னாடியே கேட்டா, எல்லார் எதிரிலயும் ஒத்துக்கணும். அவ்வளவுதான்."

கூட்டம் சாப்பிடும்போதெல்லாம் பஸ்ஸிலேயே தனியாக, ஸ்டியரிங்மேல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பவர் அவர். மனைவி போனபிறகு வீட்டிலும் பேச்சுத்துணைக்குப் பிரிட்ஜின் உறுமல்தான். இன்றைக்கு எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள். இறங்கினார்.

மதிய வெயில் வாசலோடு நின்றுகொண்டது. வௌவால் எச்சமும் பழைய புழுதியும் கலந்த வாடை தொண்டையில் ஒட்ட, வெளியே பயணிகளின் சிரிப்பு ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து மறைய, மணலில் செருப்பு அரைபடும் சத்தம் மட்டும் துணையாக, நடுக்கூடத்தில் வாய் பிளந்து கிடந்த வறண்ட தண்ணீர்த் தொட்டியின் விளிம்புக்கு வந்தார். நின்றார்.

செருப்புச் சத்தம் அதற்கு முன்பே நின்றிருந்தது.

கலஃப், நீ புளுகன் என்று கத்துவதற்காக மூச்சை இழுத்தார்.

"கலஃப், நீ புளுகன்."

தொட்டிக்குள்ளிருந்து. அவருடைய குரல். அவருடைய கரகரப்பு.

பல்லைக் கடித்துக்கொண்டார். சொல்ல மாட்டேன். சொல்லாவிட்டால் இது பொய்யாகிவிடும். உதடுகளைக் கையால் பொத்தினார். தாடை தானாகத் திறந்தது. வாந்திபோல வந்தன சொற்கள்.

"கலஃப், நீ புளுகன்."

அதற்கு எதிரொலி இல்லை.

திரும்பினார். முதுகுக்குப் பின்னால், மறுபடியும் அவர் குரல். மெல்ல. கெஞ்சலாக.

"விடு. என் கையை விடு."

கைகளைப் பார்த்தார். வெறும் கைகள். ஓடினார்.

வெளியே வெயில். சிரிப்பு. சேஜ் என்ற மூலிகை இலை போட்ட தேநீரின் மணம்.

"என்ன அபூ ஸைத், மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்திருக்கு? கேட்டுச்சா, இல்லையா?" கலஃப் கண்ணாடிக் குவளையை நீட்டினான்.

வாங்கக் கை நீட்டினார். மணிக்கட்டில் ஏதோ பட்டது. ஈரமாக. குளிர்ந்து. விரல்கள். ஒவ்வொன்றாக மணிக்கட்டைச் சுற்றி மடங்கின. அங்கே யாருடைய கையும் இல்லை. எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோட்டைக்குள் கேட்ட அந்தக் கெஞ்சல் தொண்டைக்குள் ஏறத் தொடங்கிவிட்டது. அது வந்து சேருவதற்குள், தன் விருப்பப்படி சொல்ல மீதமிருந்ததைச் சொன்னார்.

"நெசம்தான் கலஃப். கேட்டுச்சு."