பஞ்சு தீர்ந்த பிறகு

மதுமதி நூற்ற நூல் ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை. அதுதான் முதலில் உறுத்தியது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு முழத்துக்கு நாலு தடவை அறும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள்.

பனியன் கம்பெனியின் சாம்பிள் செக்‌ஷனில் அவளுக்கு வேலை. துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர் கைநூல் துணி கேட்டிருந்ததால், மூலனூரில் ஒரு பூட்டிக்கிடந்த வீட்டிலிருந்து கம்பெனி வாங்கிவந்த பழைய ராட்டையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனியாகப் பழகிக்கொண்டிருந்தாள். மெஷின் ஓடாத கட்டடத்தில் சாய வாடையும் ராட்டையின் முனகலும் மட்டுமே இருந்தன. வலது கை சக்கரத்தைச் சுற்றச் சுற்ற, இடது கையிலிருந்து நூல் லேசான ஈரத்தோடு, உடம்புச் சூட்டோடு, ராட்டையில் நூல் சுற்றும் கதிரை நோக்கி ஓடிக்கொண்டே இருந்தது.

குனிந்து பார்த்தாள். கையில் பஞ்சு இல்லை. எப்போதோ தீர்ந்திருந்தது.

நூல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

பதறி எழுந்தாள். கையை எடுத்த பிறகும் சக்கரம் நிற்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு ஓடி, பூட்டின் ரேகை மெஷினில் இடது கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடியும் சிவப்பு. விரலைத் திருப்பினாள். ரேகையே இல்லை. உரித்த முட்டை மாதிரி வழவழவென்றிருந்தது. வலிக்கவும் இல்லை.

"ஆத்தப்பண்ணா!"

வாட்ச்மேன் ஆத்தப்பன் படியேறி வந்தார். "ஏனுங்கம்மிணி, வெரல் எடுக்கலீங்களா?"

"வெளிய இருந்து தொறங்கண்ணா. சீக்கிரமுங்க!"

சாவியைப் பூட்டில் நுழைத்தவர் அப்படியே நின்றார். "அதென்னங்க... கையில?"

விரல் நுனியிலிருந்து ராட்டை வரை நூல். விறைப்பாக. சுழன்றபடி. நகம் போயிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் கணுவும் கரைந்து நூலானது.

கட்டிங் டேபிளில் கத்தரி. எட்டி எடுத்தாள். நூலை வெட்டினாள்.

சக்கரம் நின்றது.

மதுமதிக்கு மூச்சு வந்தது. பாதி விரலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவில் சாய்ந்தாள். பிழைத்துவிட்டேன் என்று சொல்ல வாய் திறந்தாள்.

நாக்கின் நுனியை ஏதோ கிள்ளி இழுத்தது.

பின்னால் ராட்டை முனகத் தொடங்கியது.

"முருகா," என்றார் ஆத்தப்பன். சாவியை உருவினார். ஒரு படி இறங்கினார். இன்னொரு படி.

கதவுக் கண்ணாடியில் அவள் முகம். உதடுகளுக்கு நடுவே ஒரு நூல், வெள்ளையாக, நிற்காமல்.