ஈரச் சுவரில் பூனை முடி

நேற்று சாயங்காலம் அவள் தன் கையால் ரோலர் உருட்டி அடித்துவிட்டுப் போன வெள்ளைப் பிரைமர் பூச்சில், சுவரின் உச்சியில், கூரைக்கு ஒரு சாண் கீழே, பூனை முடி ஒட்டியிருந்தது.

ஒன்றிரண்டு என்றால் காற்றில் வந்தது என்று விட்டுவிடலாம். இது கோடாக இருந்தது. படுக்கையறைக் கதவுக்கு மேலே தொடங்கி, ஜன்னல் சுவர், பரண் சுவர் எல்லாம் சுற்றி வந்து, மறுபடியும் கதவுக்கு மேலேயே முடிந்தது. செம்பட்டை முடி, ஈரத்தில் பதிந்து காய்ந்து சிலிர்த்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பூனையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சுவரை உரசியபடியே அறையைச் சுற்றி நடந்திருந்தால் இப்படித்தான் இருக்கும். தோளே அந்த உயரம் என்றால் தலை எங்கே என்று யோசிக்கத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டு, ஏணியிலிருந்து இறங்கினாள்.

மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். மாமா என்றால் அக்கா புருஷன். காலியாகும் வாடகை வீடுகளுக்கு, அடுத்த ஆள் குடிவருவதற்குள் பெயிண்ட் அடித்துக் கொடுப்பது அவர் தொழில். அவருக்கு ஒரே கையாள் அவள். பரண், சமையல் மேடையின் அடி, குழாய்ச் சந்து என்று ஆள் நுழையாத இடமெல்லாம் புகுந்து அடித்துவிடுவாள் என்பதால் அவர் வைத்த பேர் சுண்டெலி. அதுவே நிலைத்துவிட்டது.

"உன் ரோலர்ல இருந்து உதிர்ந்திருக்கும்," என்றார்.

"என் ரோலர் என்ன பூனைத் தோல்ல செஞ்சதா மாமா?"

"உப்புத்தாள எடுத்துத் தேய். பூனை வந்துச்சா புலி வந்துச்சான்னு வீட்டுக்காரர் கேக்கப்போறதில்ல. சுவர் சொரசொரன்னு இருந்தா கேப்பார்."

வீடு கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்தது. அங்கே இருந்த புருஷனும் பெண்டாட்டியும் போன வாரம் அவசர அவசரமாகக் காலி செய்து போனதாக வாட்ச்மேன் சொல்லியிருந்தார். நேற்று மழைக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் சாத்தியவளும் அவள்தான், வாசல் கதவைப் பூட்டிச் சாவி கொடுத்தவளும் அவள்தான். அப்புறம் எந்தப் பூனை, எந்த வழியாக?

மறுபடியும் ஏணியில் ஏறி, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தாள். மாவு மாதிரி தூசி கொட்டியது. வெளியே மதியமே மங்கிவிட்டது. ஸ்விட்ச் மூடிகளைக் கழற்றியிருந்ததால் மெயினை அணைத்து வைத்திருந்தார்கள், ஜன்னல் வெளிச்சம் ஒன்றுதான். உப்புத்தாளின் சரசரப்புக்கு நடுவே இன்னொரு சரசரப்பு கேட்டது. அவள் கையை நிறுத்தினாள். அது நிற்கவில்லை. பரணுக்குள்ளிருந்து வந்தது.

பரணின் மரக்கதவு வெளிப்பக்கம் கொண்டி போட்டிருந்தது.

 கை தானாகவே கொண்டியைத் தள்ளியது. உள்ளே, கசியும் தண்ணீர்க் குழாயை ஒட்டி, எலும்பின் மேல் போர்த்திய செம்பட்டைத் தோலாக ஒரு பூனை. வாயைத் திறந்தது, குரல் வரவில்லை. மரத்தைப் பிறாண்டிப் பிறாண்டி நகமெல்லாம் மழுங்கியிருந்தது. ஒரு பக்க உடம்பு முழுக்க வெள்ளைப் பிரைமர் காய்ந்து அப்பியிருந்தது.

"அடப்பாவிகளா," என்றாள் மெதுவாக. "உன்ன உள்ள வச்சுப் பூட்டிட்டா போனாங்க?"

பிரைமர் அடித்ததே நேற்று என்பது அப்போது உறைக்கவில்லை. கோபம் முந்திக்கொண்டது. பூனையை இறக்கி, டப்பா மூடியில் தண்ணீர் வைத்து, தன் பையிலிருந்த பிஸ்கட்டை நனைத்துக் கொடுத்தாள். அது தின்னும்போதும் காது மட்டும் கூரைப் பக்கமே திரும்பியிருந்தது.

வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்றதும் மாமா சிரித்தார். சுண்டெலி பூனைக்கு வக்காலத்து வாங்கினால் ஊர் சிரிக்கும் என்றார். அக்கா தன்னையே பாதி நாள் வாசலில் நிறுத்திவைக்கிறாள், பூனையோடு போனால் வாசலும் கிடைக்காது என்றார். சுவருக்கு இழுக்கும் பட்டி மாவு தீர்ந்துபோயிருந்தது. கடைக்குப் போய்வருவதற்குள் அதைக் கீழே விட்டுவிட்டுச் சுவரை முடித்து வைக்கச் சொல்லிவிட்டு, தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

அவள் பூனையைக் கீழே விடவில்லை. வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, பழைய குடித்தனக்காரியின் எண்ணை வாங்கினாள். நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

மணி அடித்த உடனே எடுத்த பெண்குரல், வீட்டு எண்ணைக் கேட்டதும் அடங்கிப்போனது. பூனையைப் பற்றிச் சொன்னதும் எதிர்பாராத ஒன்றைக் கேட்டது.

"உயிரோட இருக்கா?"

"இருக்கு. உங்க புண்ணியத்துல இல்ல."

"அங்கயே விட்டுடும்மா. கையெடுத்துக் கும்பிடறேன்."

அப்புறம் அந்தப் பெண் நிறுத்தாமல் பேசினாள். அந்த வீட்டுக்குப் போன புதிதில், காலையில் எழுந்தால் தன் தலைமுடியில் சுண்ணாம்பு இருக்குமாம். தோளில், நெற்றியில், மூக்கு நுனியில். கூரைச் சுண்ணாம்பு. புருஷன் நம்பவில்லை. ஒருநாள் அவர் விழித்துப் பார்த்தபோது படுக்கையில் இவள் இல்லை. மேலே இருந்தாளாம். தூங்கிக்கொண்டே. ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைக்கிற மாதிரி, ஒன்றுமில்லாத காற்றில், கூரையை ஒட்டி, மெல்ல ஆடிக்கொண்டு. அதற்குப் பிறகுதான் பூனையை வாங்கி வந்தார்கள். பூனை வந்த அன்றே, இவளைத் தூக்கிவைத்திருந்தது எதுவோ அது இவளை விட்டுவிட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டது.

"அதுக்குத் தூக்கிவச்சுக்க ஏதாவது ஒண்ணு வேணும். நாங்க பூனையோட வெளிய போயிருந்தா எங்க பின்னாடியே வந்திருக்கும். என்னம்மா பண்ணச் சொல்ற?"

சுண்டெலி பூனையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். 

"உங்களுக்குப் பதிலா இத வச்சிட்டுப் போயிட்டீங்க."

"பூனைதானம்மா."

"ஆமா. பேச வாயில்லாததாப் பாத்துத்தான் வச்சிருக்கீங்க," என்று போனை வைத்தாள்.

பைத்தியம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூரையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள், பழைய சுண்ணாம்பு அங்கங்கே வழவழவென்று தேய்ந்திருந்தது. போதும். பூனையைச் சுற்றி எடுத்துப்போக ஒரு துணி தேவை. படுக்கையறைக் கதவு சாத்திவிடாமல் அடியில் ஒரு சாக்கை மடித்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதை உருவினாள்.

காற்று அதற்கென்றே காத்திருந்த மாதிரி, கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

பெயிண்ட் வேலையில் முதல் வேலை, எல்லாக் கதவுகளின் கைப்பிடிகளையும் கழற்றுவது. காலையில் அவள்தான் கழற்றி, ஒரு பையில் போட்டு, ஹாலில் வைத்தாள். கைப்பிடி இருந்த இடத்தில் இப்போது சதுரமாக ஒரு ஓட்டை மட்டும். திருப்புளியும் அதே பையில். கையில் இருந்தது பட்டி இழுக்கும் தகடு. அதன் முனையை ஓட்டையில் விட்டுத் திருகினாள். வழுக்கியது. மறுபடியும். வழுக்கியது.

ஹாலில் காகிதம் நொறுங்கும் சத்தம் கேட்டது.

பெயிண்ட் சொட்டாமல் இருக்க ஹால் தரை முழுக்கப் பழைய செய்தித்தாள் விரித்திருந்தார்கள். "மாமா?" என்றாள். பதில் இல்லை. குனிந்து சதுர ஓட்டையில் கண்ணை வைத்தாள். ஏணி, டப்பாக்கள், சாம்பல் நிற வெளிச்சம், விரித்த காகிதம். யாரும் இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூரத்துக் காகிதம் ஒன்று அழுந்திச் சுருங்கியது. அப்புறம் அதற்கு இந்தப் பக்கம் ஒன்று. மேலே, கூரையை எதுவோ உரசிக்கொண்டே வந்தது. கனமான எதையோ சுவரோடு சாய்த்து இழுக்கிற மாதிரி ஒரு நீண்ட, பொறுமையான சரசரப்பு. சுண்ணாம்புத் தூள் மழைத் தூறல்போல் காகிதத்தில் உதிர்ந்தது.

பூனை அவள் சட்டைக்குள் ஏறிக்கொண்டது. நகம் மழுங்கிய கால்களால் மார்பைப் பற்றிக்கொண்டது. அதன் இதயம் அடித்ததா, தன் இதயமா? தெரியவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

ஓட்டை வழியாகக் குளிர்ந்த காற்று வந்தது. ஊறிய சுண்ணாம்பு வாசனை. பிறகு நாக்கைச் சொடுக்கும் ஒலி. ச்சு. ச்சு. ச்சு. பூனையைக் கூப்பிடும் ஒலி. அப்புறம் ஒரு குரல். போனில் பேசிய பெண்ணின் குரல்.

"கையெடுத்துக் கும்பிடறேன்."

ச்சு. ச்சு.

"பூனைதானம்மா."

அவள் பின்னால் நகர்ந்தாள். கால் ஒரு வாளியில் இடித்தது. மதியத்துக்கென்று தண்ணீர் கலந்து வைத்திருந்த பிரைமர், வாளி நிறைய. பயத்தில் பல் கிட்டியது. ஆனால் பயத்துக்கு அடியில், சின்ன வயதிலிருந்தே அவளிடம் இருந்த அந்தப் பிடிவாதமும் இருந்தது. எடு என்றால் எடுக்காது, விடு என்றால் விடாது என்று அக்கா தலையில் அடித்துக்கொள்ளும் பிடிவாதம்.

"தர மாட்டேன்," என்றாள். குரல் உடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னாள். "கேட்டுச்சா? கூப்பிட்டா அதுவா வரணும். வரலல்ல? அப்ப அது உன்னது இல்ல."

பூட்டு கிளிக் என்றது.

சதுர ஓட்டை தானாகத் திரும்பியது. கதவு திறந்தது. வாசலில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாதது குனிந்தது. மேல்சட்டத்துச் சுண்ணாம்பு உதிர்ந்தது.

வீசினாள்.

வாளி மொத்தமும் போனது. தரையில் விழவில்லை.

வெள்ளை காற்றில் நின்றது. வழிந்தது. வழிந்த இடமெல்லாம் ஒரு வடிவம் வந்தது. கூரையில் மடங்கிய கழுத்து. முழங்கால் வரை தொங்கும் கைகள். வாயும் கண்ணும் இல்லாத, ஒரு பக்கமாகச் சாய்ந்த, தாய் மாதிரி கனிவோடு சாய்ந்த முகம்.

அதன் காலுக்கிடையில் நுழைந்தாள். ஆள் நுழையாத இடத்தில் நுழைவதுதானே அவள் வேலை. காகிதம் வழுக்கியது. விழுந்தாள். எழுந்தாள். வாசல். படி. படி. திருப்பம். மேலே சுவரை ஈரமாக எதுவோ உரசிக்கொண்டு இறங்கியது. அவசரமில்லாமல். படி. திருப்பம். வெளிச்சம்.

மழை முகத்தில் அறைந்தது. மாமா பட்டி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு கேட்டுக்குள் வந்துகொண்டிருந்தார். சட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த பூனைத் தலையைப் பார்த்துப் பேச வாயெடுத்தார். எதற்கும் அவரிடம் ஒரு நக்கல் இருக்கும். அது வரவில்லை. அவர் பார்வை அவள் தலைக்கு மேலே போனது. இன்னும் மேலே போனது. மூட்டை தோளிலிருந்து நழுவி விழுந்தது.

அவள் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அந்தப் பெண்தான். எடுத்துக் காதில் வைத்தாள்.

"கீழ விட்டுடும்மா. பூனைய விட்டா உன்ன விட்டுடும்."

அவள் போனை அணைத்தாள். சட்டையின் மேல் பொத்தானையும் போட்டாள். மாமாவைப் பார்த்தாள். அக்காவின் ஒற்றை அறை, தொட்டிலில் தூங்கும் குழந்தை, தாழ்ந்த கூரை எல்லாம் அவர் முகத்தில் ஓடியதைப் பார்த்தாள். அவர் விழுந்த மூட்டையைத் தாண்டினார். பிறகு அவள் பக்கத்தில் வந்து, அவளோடு சேர்ந்து நின்றார்.

"கெட்டியாப் புடிச்சுக்கோ," என்றார்.

அவள் திரும்பினாள்.

அது கட்டடத்திலிருந்து வெளியே வந்து, மடிந்திருந்த கழுத்தை முதல்முறையாக நிமிர்த்திக்கொண்டிருந்தது. முதல் மாடி ஜன்னலைத் தாண்டி நிமிர்ந்தது. அதன் மேல் மழை பெய்தது. காயாத பிரைமர் கரைய ஆரம்பித்தது. முதலில் தலை போனது. அப்புறம் தோள். மார்பு. வெள்ளைத் தண்ணீர் பால்போல் ஓடிவந்து அவள் செருப்பைச் சுற்றிக்கொண்டது. கடைசியாக இரண்டு கைகள் மட்டும் மிச்சம் இருந்தன. குழந்தையை வாங்கிக்கொள்ள நீட்டுகிற மாதிரி, உள்ளங்கை மேலே பார்க்க, அவை அவளை நோக்கி வந்தன.

பின் அவையும் கரைந்தன.

அவள் ஓர் அடியும் நகரவில்லை. அவள் நெஞ்சுக்கு நேரே, எட்டிப்பிடிக்கும் தூரத்தில், காற்றில் குவிந்த இரண்டு உள்ளங்கை அளவு மழைத்தண்ணீர் சிந்தாமல் நின்றது. நின்று, நிரம்பிக்கொண்டே இருந்தது.