ஆனைத் தகரம்

ஓசூர்த் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளைத் தொட்டுவிடும் தாழ்வில் கார்மேகங்கள் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. கைக்கடிகார உதிரிபாகத் தொழிற்சாலையில் மிகைநேரப் பணியை முடித்துவிட்டுச் சானமாவுப் பேருந்துக்காகக் காத்திருந்த காவேரியை மழை பிடித்துக்கொண்டது. மூடிக்கிடந்த பழைய பட்டறை ஒன்றின் கூரைக்கடியில் ஓடி ஒதுங்கினாள். மழைத்துளி ஒன்று அவளுடைய இமை நுனியில் நின்று, விழலாமா வேண்டாமா என்று தயங்கியது...

அப்போதுதான் அது கேட்டது.

டமடம... கிரீச்... டமார்!

தகரச் சத்தம்!

சானமாவுக் காட்டோரத்தில் பிறந்தவர்களுக்குத் தகரச் சத்தத்தின் பொருள் ஒன்றே ஒன்றுதான். கேழ்வரகுக் கொல்லையில் யானை இறங்கிவிட்டது! கேட்டவர் எவராயினும், கைக்குக் கிடைத்ததைத் தட்டிக்கொண்டு ஓடியாக வேண்டும். நிற்கும் இடம் ஊரா, நகரமா என்று சிந்திக்க நேரம் ஏது? சுவரோரம் கிடந்த பெயிண்ட் டப்பா மூடியையும் ஓர் இரும்புத் துண்டையும் எடுத்தாள். தட்டிக்கொண்டே கதவை உதைத்துத் திறந்தாள்.

"ஆனை! ஆனை வந்துடுச்சு! ஓய்... ஹோ... ஹோய்!"

உள்ளே யானை இல்லை.

எண்ணெய்ப் பீப்பாயின் முன்னால் நெடிய இளைஞன் ஒருவன் நின்றான். அவனருகே ஒருவன் துருவேறிய ரம்பத்தின் மீது சைக்கிள் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் மடியில் ஒரு டிரான்சிஸ்டர், பெங்களூருக்கும் சென்னைக்கும் நடுவே எந்த நிலையமும் அகப்படாமல் இரைந்துகொண்டிருந்தது. தரையில் ஒரு டேப்ரெக்கார்டர் சுழன்றது. காவேரியின் கைகளோ நிற்க மறந்து தட்டிக்கொண்டே இருந்தன. பீப்பாய்க்காரனும் நிறுத்தவில்லை. அவனுடைய கரிய, பெரிய விழிகள் அவளுடைய விழிகளைச் சந்தித்தன...

பிறகு அவன் சிரித்துவிட்டான்.

"ஏங்க... ஆனைய எங்க விட்டுட்டு வந்தீக?"

காவேரியின் முகம் சிவந்தது. "சிரிக்கறீங்களா? அது நேர்ல வந்து நின்னா தெரியும்... அப்பவும் சிரிங்க, பாக்கலாம்!"

மூடியை வீசிவிட்டு மழையிலேயே நடந்தாள்.

பேருந்தில் அமர்ந்த பின்னும் அவமானம் அடங்கவில்லை. ஆயினும் ஒரு விந்தை! அவளுடைய உள்ளங்கைகள் இன்னும் துடித்துக்கொண்டிருந்தன. சிறு வயது முதல் எத்தனையோ மாலைகள் தகரம் தட்டியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அச்சம் இருந்தது. இன்று கதவு திறந்ததற்கும் அவன் சிரித்ததற்கும் இடையே, அவளுடைய இரும்பும் அவனுடைய பீப்பாயும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. அந்த ஒரு கணம் அச்சம் இல்லை. அங்கே இருந்தது... மகிழ்ச்சியா? சீ! தன் கைகளின் மீதே அவளுக்குக் கோபம் வந்தது.

மறுநாள் பணி முடிந்து, தோழியை வேறொரு பேருந்தில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது, தூறலில் நனைந்தபடி அவன் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தான்.

"பேரு பொன்னுசாமிங்க. லேத்ல வேலை. மன்னிப்புக் கேக்க வந்தேன்... இன்னொண்ணும் கேக்குதேன்."

"கேக்குதேனா? எந்த ஊர்ப் பாஷைங்க அது?"

"கோவில்பட்டி. நீங்க மட்டும் என்னவாம்? கண்டக்டர்கிட்ட கன்னடம், தோழிகிட்ட தெலுங்கு... திட்டுறதுக்கு மட்டும் தமிழா?"

உதட்டோரம் அரும்பிய சிரிப்பைக் கடித்துக்கொண்டாள். "வந்த விஷயத்தச் சொல்லுங்க. பஸ் வந்துடும்."

"டேப்பப் போட்டுக் கேட்டோம். நீங்க உள்ள வந்த இடத்துலதான் அதுக்கு உசுரே வருது. ஆயுத பூசைக்குத் தொழிலாளர் மன்ற மேடையில எங்களுக்கு இடம் குடுத்திருக்காங்க. எங்ககூட வாசிக்க வாரீகளா?"

"அதுக்குப் பேரு வாசிப்பா?"

"ராகம் கெடையாது, தாளம் கெடையாது. ஒரு தடவ வந்த சத்தம் மறுபடி வரக் கூடாது. அந்த ஒரு சட்டந்தான் எங்களுக்கு."

"எங்க சானமாவுலயும் ஒரு சட்டம் இருக்குது. ஆனை இல்லாம தகரத்தத் தொடக் கூடாது. சும்மா சும்மா தட்டினா, நெசமா வந்தன்னிக்கு எவன் ஓடியாருவான்? போன வருசம் தொரத்தப் போயிதான் எங்க நைனா கால் ஒடஞ்சுது. அதுக்குப் போயி சிரிச்சீங்களே..."

அவன் முகத்தில் இருந்த குறும்பு அணைந்தது.

"தெரியாமப் போச்சுங்க. அப்ப உங்க நைனாகிட்டயே கேட்டுக்கிடுதேன்."

பேருந்து வந்து, அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. காவேரி தனக்குள் ஒரு முடிவு செய்தாள். அந்த மேடை அவளுக்கு வேண்டும், கைகள் கேட்கின்றன. ஆனால் திருட்டுத்தனமாக அல்ல. நைனா சம்மதித்தால் தலைநிமிர்ந்து ஏறுவாள். இல்லையேல் அந்தப் பட்டறைப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் மாட்டாள்!

வாக்குத் தவறாமல், வார விடுமுறையன்று மாலை பொன்னுசாமி சைக்கிளில் வந்து இறங்கினான். காவேரியின் தந்தை வெங்கடப்பன் கோலூன்றியபடி எல்லாவற்றையும் கேட்டார். தலையை அசைத்தார்.

"தம்பி, தகரம் எங்களுக்கு உசுரு. அத வெச்சி வேடிக்க காட்டிக்கினு திரிய என் பொண்ண அனுப்ப மாட்டேன். காப்பி குடிச்சிட்டுக் கெளம்பு."

காவேரியின் நெஞ்சு உடைந்தது. அவன் குவளையைக் கீழே வைக்கக்கூட இல்லை, அதற்குள்...

டம! டம! டம! டம!

கொல்லைப் பக்கம் தகரங்கள் முழங்கின. ஊர் ஓடியது. காவேரி ஓர் எண்ணெய் டின் மூடியையும் கட்டையையும் அவன் கையில் திணித்தாள். "வாங்க! இப்ப சிரிங்க!"

அந்தி வெளிச்சத்தில், கதிர் முற்றிய கேழ்வரகின் நடுவே கொம்பன் ஒன்று குன்றென நின்றது. அதன் பின்னே இன்னும் சில. ஊரார் ஒரே சீராகத் தட்டினார்கள். கொம்பன் காதை அசைத்துக்கொண்டு கதிரை மென்றது. ஆண்டுதோறும் கேட்டுப் பழகிப்போன சத்தம். அதற்கு ஏன் அஞ்ச வேண்டும்?

'ஒரு தடவ வந்த சத்தம் மறுபடி வரக் கூடாது...'

காவேரி சட்டென்று தட்டுவதை நிறுத்தினாள். இரும்பைத் தகரத்தின் விளிம்பில் வைத்துக் கிரீச்சென்று இழுத்தாள். கொம்பனின் வாய் அசைவு நின்றது. பொன்னுசாமி அதைக் கேட்டான். மூடியைப் பாறையில் தேய்த்து விடை சொன்னான். அவள் ஓங்கி அடித்தாள். அவன் மௌனமானான். அவள் ஓய்ந்த இடத்தில் அவன் வெடித்தான். எது எப்போது வரும் என்று இருவருக்கும் தெரியாது. ஆயினும் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் தாங்கிப் பிடித்தார். சொல்லே இல்லாத உரையாடல் அது! கொம்பன் துதிக்கையை உயர்த்திப் பிளிறியது. ஒருவரும் பின்வாங்கவில்லை. கடைசியில் அது மெல்லத் திரும்பிக் காட்டுக்குள் நடந்தது. கூட்டமும் பின்தொடர்ந்தது.

வெங்கடப்பன் கோலை ஊன்றிக்கொண்டு காட்டை நோக்கினார். பிறகு, எவரையும் பாராமல் சொன்னார்.

"மேடையில தட்டிக்கோங்க. ஆனா சத்தம் சானமாவு வரைக்கும் கேட்டுச்சுன்னா... ரெண்டு பேரையும் ஊர்க்கூட்டத்துல நிக்க வெச்சிடுவேன்."

அவர் மிதிபட்ட கதிர்களைப் பார்க்கப் போனார். தூறல் தொடங்கியது. மூடியை மார்போடு அணைத்தபடி பொன்னுசாமி அசையாமல் நின்றான்.

"எங்க... சிரிங்க பாக்கலாம்?"

"வரலைங்க. காலு ரெண்டும் என் பேச்சக் கேக்க மாட்டேங்குது."

இம்முறை சிரித்தவள் காவேரி. சிரிப்பு அடங்கியதும் தலைகுனிந்தாள். இமைகளில் மழை கோத்திருந்தது.

"பொறந்ததுலேருந்து தகரச் சத்தம் கேட்டா எனக்கு ஒண்ணுதாங்க ஞாபகம் வரும்... ஆனை."

"இனிமே?"

"நீங்களும் வருவீங்க..."

"ஆனைக்கு அடுத்தாப்புலதானா?"

"முன்னாடி..." என்றாள். குரல் தூறலைவிட மெல்லியதாக இருந்தது.

"காவேரி... ஒங்களப் பாத்த அன்னிக்கே எனக்குப் பிடிச்சுப் போச்சு. என்ன செய்யதுன்னு தெரியாமத்தான் சிரிச்சுத் தொலைச்சேன்..." சொல்லும்போதே கட்டை மூடியில் பட்டு 'டிங்' என்றது.

"ஆனைதான் போயிடுச்சில்ல?" கொல்லையிலிருந்து வெங்கடப்பனின் குரல் கேட்டது. "தகரத்தக் கீழ வையுங்க!"

ஊர்ச்சட்டம் அல்லவா? இருவரும் குனிந்து, தகரங்களை ஈரமண்ணில் வைத்தார்கள். நிமிர்ந்தபோது நான்கு கைகளும் வெறுமையாக இருந்தன... அந்த வெறுமை வெகுநேரம் நீடிக்கவில்லை.