வயிற்றில் நின்ற கட்டம்

கேமராத் திரையின் பச்சைக் கட்டம் பூனையின் முகத்தில் நிற்காமல் வயிற்றுக்கு வழுக்கியது. அவள் அலட்டிக்கொள்ளவில்லை. நாயையும் பூனையையும் படமெடுத்தே வயிறு வளர்ப்பவள். கறுப்பு ரோமத்தைக் கண்டால், கண்ணைத் தானே தேடிக் கட்டம் போடும் ஆட்டோஃபோகஸ் தடுமாறும், கண்ணை விட்டு மூக்கைப் பிடிக்கும், மூக்கை விட்டு மெத்தையைப் பிடிக்கும் என்பது அவளுக்கு அத்துபடி. பூனையைப் படமெடுப்பதே தவளையைத் தராசில் நிறுக்கிற வேலை. இதுவோ அசையாமல் மல்லாந்து கிடந்தது. ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சம் கூட்டினாள். கட்டம் மறுபடியும் வயிற்றுக்கே போய் உட்கார்ந்தது.

மழை நாள். ஜன்னல் மூடிய அறையில் ஈர ரோம வாடையோடு, பூச்சாடியில் அழுகிய தண்ணீரின் இனிப்பு நாற்றமும் இருந்தது. பூனை மூச்சு விடும்போதெல்லாம் அது கூடியது.

"அம்மா, கரிச்சட்டி படத்துல அழகா விழுந்தானா?" அடுத்த அறையிலிருந்து மகள் கேட்டாள். போன வாரம் தெருவிலிருந்து பூனையைத் தூக்கி வந்து அந்தப் பேர் வைத்தவளே அவள்தான். கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

"கேமரா படுத்துதுடி. நீ படி."

ஆட்டோஃபோகஸை அணைத்து, லென்ஸ் வளையத்தைக் கையால் திருகினாள். ரோமம் இழை இழையாகத் தெளிந்தது. நடுவே ஏதோ ஈரமாகப் பளபளத்தது. உண்ணியாக இருக்கும். முகத்தைச் சுளித்துக்கொண்டு விரலால் விலக்கினாள்.

இமை திறந்தது.

சீழ் நூலாக இழுபட்டது. பழுப்பு விழி உருண்டு அவளைப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று. கீழே கொத்தாக. விரல் பிசுபிசுத்தது. சீ! சட்டையில் தேய்த்தாள். போகவில்லை. பூனை சுகமாகக் குர்குர் என்றது.

தன் கண்ணை அவளால் நம்ப முடியவில்லை. ஆட்டோஃபோகஸை மறுபடி போட்டாள். வயிறு முழுக்கக் கட்டங்கள் மொய்த்தன.

"இங்க வராதே! கதவச் சாத்து!"

"ஏம்மா, நான் தூக்கிப் பிடிச்சுக்கட்டா?" மகள் அதற்குள் உள்ளே வந்துவிட்டாள். பூனையை வாரி அணைத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

பிராணிகளின் கண்ணை மட்டும் தேடச் சொல்லி வைத்த கேமரா. மனித முகத்தை அது சட்டை செய்யாது.

மகளின் கழுத்தில் ஒரு கட்டம். தோளில் ஒன்று. சிரித்த வாய்க்குள் இரண்டு. நாக்கின் மேல் ஈர இமைகள் பிரிந்தன. பழுப்பு விழிகள் அம்மாவைத் தேடின.