ஊளைக்கு அடியில்

எவரெட் நகரத்து நண்பகல் மழையில் நனைந்துகொண்டே டெஸ் வீட்டுக்குப் போனேன். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் கிரஞ்ச் ராக் இசைக்குழுவின் ஒரே ஆல்பம், ஒலி துளியும் குறையாத லாஸ்லெஸ் வடிவில் வரப்போகிறது. பாடகன் வேட் உயிரோடு இல்லை. அவன் தங்கை டெஸ்தான் கேட்டுச் சம்மதம் தர வேண்டும். அன்று பேஸ் கிதார் வாசித்த நான் துணைக்கு.

“உன் செவிட்டுக் காதுக்கு இதெல்லாம் ஓவர்டா, ரோரி.” காபியை நீட்டினாள்.

“நீ மட்டும் என்ன, குமரியா?”

சிரித்துக்கொண்டே நிலவறைக்கு இறங்கினோம். பதிவு நடந்த இடம் அதுதான். அதே ஈரக் கம்பள வாடை. மூலையில், முன்பு நிலக்கரி கொட்டி வைத்த அந்தப் பழைய கரி அறை.

பாடும் குரலில் வெறி ஏறட்டும் என்று வேட் ஒருவனை மட்டும் மைக்கோடு அதற்குள் விட்டு வெளியே தாழிடுவோம். பாடி முடிந்ததும் கிதாரை ஆம்ப் ஒலிபெருக்கியில் சாய்த்து, அது ஊளையிட, டேப்பையும் ஓடவிட்டுவிட்டு, பீர் வாங்கப் போவது எங்கள் வழக்கம். கடைசி நாள் நான் தாழைத் திறக்க மறந்துபோனேன். திரும்பி வந்தபோது அந்த ஆஸ்துமாக்காரன் உள்ளே மூச்சடைத்துச் செத்துக் கிடந்தான். தாழை நீக்கிவிட்டுத்தான் மற்றவர்களைக் கூப்பிட்டேன். கதவு திறந்தே இருந்தது என்று டெஸ்ஸிடமும் சொன்னேன். பாவி நான்.

அந்த நீண்ட ஊளையோடுதான் ஆல்பம் முடிகிறது. கேசட்டில் அது வெறும் இரைச்சல். இன்று ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக் கேட்டோம்.

ஊளைக்கு அடியில் ஒரு மூச்சு.

பிறகு, கதவுப் பலகையை நகத்தால் பிறாண்டும் சத்தம். கூடவே வேட் குரல்.

“ரோரி... விளையாடாதடா. திற.”



“கதவு திறந்திருந்துச்சுன்னு சொன்னியே?” டெஸ் கிசுகிசுத்தாள்.

“பழைய டேப். என்னென்னமோ கேக்கும்.”

அதே இடத்தை அவள் மறுபடி ஓட்டினாள். மூச்சு. பிறாண்டல். குரல் இந்த முறை வேறொன்று சொன்னது.

“டெஸ், தாழ் போட்டது யாருன்னு அவன்கிட்டக் கேளு.”

அவள் திரும்பி என்னையே பார்த்தாள்.

“நான்தான்,” என்று சொல்லி அழுதேன்.

அவள் ஹெட்போன்கள் இரண்டையும் வயரோடு பிடுங்கி மேசையில் எறிந்தாள்.

“என் கண்ணு முன்னால நிக்காத. போ.”

பாதிப் படியில் கால்கள் நின்றுவிட்டன. வயர் பிடுங்கிய ஹெட்போனிலிருந்து மூச்சு வந்துகொண்டிருந்தது, இழுத்து இழுத்து.

டெஸ் அதன் பக்கம் குனிந்தாள். “ரொம்ப நேரம் கூப்பிட்டியா, வேட்?”

அவன் பதில் சொன்னான். எனக்கும் கேட்டது.